ரங்கபாஷ்யம் கேட்ட தட்டு

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே தலைமை வடிவமைப்பாளர் ரங்கபாஷ்யம். வாய் பெரிது. பம்பு விற்கும் நாச்சிமுத்துவுக்கு கிளவுடில் ஆர்டர் எடுக்கும் செயலியைக் கட்டியவர் அவர்தான். நூறு ஆர்டருக்கு மேல் சேர்ந்து வந்தால் அது நின்றுவிடும்.

புதிதாகச் சேர்ந்த இசக்கியம்மாள் காரணத்தைச் சொன்னாள். "ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாப் போய் ஸ்டாக் இருக்கான்னு கேக்குது சார். கிளவுட் பல பேர் பங்குபோடுற வாடகை இடம். ஓயாமக் கதவைத் தட்டினா வெளியே தள்ளிடும். மொத்தமாச் சேத்து ஒரே தடவை கேக்கணும்."

"கஸ்டமர் முன்னாடி என் புரோகிராமைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, வேலை போயிடும்" என்றார் அவர்.

மறுநாள் நாச்சிமுத்து வந்து, செயலி மறுபடி நின்றுவிட்டது என்று கத்தினார்.

"இந்தப் பொண்ணு டேட்டாவைத் தப்பா ஏத்திட்டா" என்று கூசாமல் சொன்னார் ரங்கபாஷ்யம். "போ, எல்லாருக்கும் டீ கொண்டு வா."

இசக்கி ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள். மறுபடி கீழே போய் இன்னொரு டீ கொண்டுவந்தாள். மறுபடியும் போனாள். ரங்கபாஷ்யத்துக்குப் பொறுக்கவில்லை.

"அறிவிருக்கா? ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு அலையறே! தட்டுல மொத்தமாக் கொண்டுவரத் தெரியாதா?"

"அதைத்தான் சார் நேத்து நானும் சொன்னேன்."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். "எதைப் பத்திம்மா சொன்னே?"

"அதைச் சொன்னா என் வேலை போயிடுங்க."

நாச்சிமுத்து டீயைப் பார்த்தார், ரங்கபாஷ்யத்தைப் பார்த்தார். "என்ர ஆர்டரும் இப்படித்தான் ஒவ்வொண்ணா அலையுதாக்கும்?"

ரங்கபாஷ்யம் டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இனி என்ர வேலையை இந்தப் புள்ளையே பாக்கட்டும். மிச்ச டீக்கு நீங்க போயிட்டு வாங்க. தட்டை மறந்துறாதீங்க."

ரங்கபாஷ்யம் தட்டோடு போனார்.