நாவலாளுக்கு ஒரு மாப்பிள்ளை

அரசர்கள் தங்கள் பெருமையைக் குதிரைகளின் எண்ணிக்கையால் சொல்லிக்கொண்ட காலம் அது. அந்தக் காலத்தில் செவ்வாற்றங்கரையில் மருதி என்றொரு மருத்துவச்சி இருந்தாள். கேளுங்கள், அவளுடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மருதிக்குச் சொத்து என்று இருந்தது ஒரு மருந்துப் பையும் ஒரு பெண் குதிரையும்தான். நாவல் பழத்தின் நிறத்தில் இருந்ததால் குதிரைக்கு நாவலாள் என்று பெயர். எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டாலும் மருதிக்கு ஆள் வரும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாவலாள் மேல் ஏறிவிடுவாள். மேடு என்றாலும் நாவலாள் போவாள். முள்காடு என்றாலும் போவாள். உச்சி வெயில் என்றாலும் போவாள்.

தண்ணீர் என்றால் மட்டும் போகமாட்டாள்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தான், குழந்தைகள் கூட இறங்கி விளையாடும். நாவலாளோ கரையில் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு மூக்கை விடைத்துக்கொண்டு நிற்பாள். கெஞ்சினாலும் நகரமாட்டாள். வெல்லம் கொடுத்தால் வெல்லத்தைத் தின்றுவிட்டு நிற்பாள். மருதி குதிரையைக் கரையில் கட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றைக் கடந்து, அக்கரையில் நடந்தே போவாள். ஒரு மழைக்காலத்தில் அப்படி நடந்து போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. அந்த வீட்டைப் பற்றி மருதி அதற்குப் பிறகு யாரிடமும் பேசியதில்லை.

ஒருநாள் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. அரசர் வளவக்கோனின் மகளுக்குப் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்தது. மருதி அரை நாள் போராடித் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினாள். அரசருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"மருத்துவச்சி, என்ன வேண்டுமோ கேள்!" என்றார்.

மருதி யோசிக்கவே இல்லை. "அரசே, என் நாவலாளுக்கு வயதாகிறது. அவளுக்கு ஒரு குட்டி வேண்டும். உங்கள் லாயத்தில் இருக்கும் ஆண் குதிரைகளில் ஒன்றை அவளோடு இணை சேர்க்க அனுமதி கொடுங்கள். அது போதும்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாரும் தங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்பார்கள். நீ உன் குதிரைக்கு மாப்பிள்ளை கேட்கிறாய். அப்படியே ஆகட்டும். என்னிடம் மூன்று ஆண் குதிரைகள் இருக்கின்றன. மூன்றும் முத்து. பார்த்து ஒன்றைச் சொல்."

அன்று சபையில் பவழச் செட்டியார் என்ற வணிகரும் இருந்தார். அரண்மனைக்குப் பட்டும் கற்பூரமும் கொண்டுவந்து தருகிறவர். அவர் கைகூப்பி எழுந்தார்.

"அரசே, என்னிடமும் செவ்வந்தி என்று ஒரு பெண் குதிரை இருக்கிறது. ஒரு குறை சொல்ல முடியாது! எனக்கும் அந்த வரத்தைக் கொடுக்க வேண்டும்."

பேரன் பிறந்த நாளில் எந்த அரசர் இல்லை என்பார்? "நீரும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும்" என்றார்.

மறுநாள் காலை இருவரும் லாயத்துக்குப் போனார்கள். லாயத்துக்குத் தலைவர் சாத்தப்பன். குதிரைகளோடு பழகிப் பழகி அவரும் பேசுமுன் ஒருமுறை தலையை ஆட்டிக்கொள்வார். அவர் மூன்று குதிரைகளையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார்.

முதலில் வந்தது மலைக்கல். பழுப்பு நிறம், தூண் போன்ற கால்கள், பொறுமையான கண்கள். மரம் இழுக்கும், தேர் இழுக்கும், யார் ஏறினாலும் சுமக்கும்.

இரண்டாவதாக வந்தது சூறையன். பந்தயக் குதிரை. ஏழு ஆண்டுகளாக அதை முந்திய குதிரை கிடையாது. இரண்டு ஆட்கள் பிடித்தும் அது நிற்கவில்லை.

மூன்றாவதாக வந்தது சங்கழகன். பால் போல வெள்ளை. திருவிழா ஊர்வலத்தில் அரசர் ஏறுவதற்கென்றே வளர்த்தது. கழுத்தை வளைத்து, வாலை உயர்த்தி, யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்து வந்தது.

செட்டியார் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "சூறையன்! வெற்றிக்கு மேல் என்ன வேண்டும்?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாத்தப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். "அம்மா, நீங்கள் நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள். உங்களுக்கு மலைக்கல்தான் சரி. உங்கள் குதிரையும் பொறுமை, இதுவும் பொறுமை. நல்லதோடு நல்லது சேரட்டும்."

"பொறுமை அவளிடமே நிறைய இருக்கிறது, ஐயா" என்றாள் மருதி. "அவளிடம் இல்லாதது என்ன என்பதைத்தான் நான் பார்க்க வேண்டும். அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர் நடுங்கும்."

சாத்தப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அம்மா, சொந்தக் குதிரையின் குறையை இப்படியா சத்தமாகச் சொல்வது? இந்த லாயத்துக்கு வருகிறவர்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை."

"மருந்து கொடுக்கிறவள் நோயை மறைத்தால் எப்படி? மூன்றையும் ஆற்றுக்குக் கொண்டுவாருங்கள்."

ஆற்றுத் துறையில் பெரிய கூட்டம் கூடிவிட்டது. குதிரைக்கு மாப்பிள்ளை பார்ப்பதை யார்தான் விடுவார்கள்?

மலைக்கல்லைத் தண்ணீரருகே கொண்டுபோனார்கள். அது ஒரு காலை நனைத்தது. தண்ணீர் குளிர்ந்திருந்தது. காலை எடுத்துக்கொண்டு, திரும்பிப் போகலாமே என்பது போல ஆளைப் பார்த்தது. தள்ளிப் பார்த்தார்கள். மலைக்கல் பெயருக்கேற்ப நின்றது.

சூறையனைக் கொண்டுபோனார்கள். அது ஒரே தாவலில் நடு ஆற்றுக்குப் போயிற்று, அடுத்த தாவலில் கரைக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது. மருதி கைதட்டவில்லை. குதிரையின் கண்களில் வெள்ளை தெரிவதை அவள் பார்த்தாள். அதுவும் பயந்துதான் தாவியிருக்கிறது. பிடித்துக்கொண்டிருந்த ஆளின் தோளையும் கடித்திருக்கிறது.

சங்கழகனைக் கொண்டுபோனார்கள். அழகு கெட்டுவிடும் என்று அது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். சங்கழகனோ மெல்ல இறங்கியது. வயிறு நனைய நின்று, நிதானமாகக் குடித்தது. பிறகு ஒரு முன்காலைத் தூக்கித் தண்ணீரில் ஓங்கி அடித்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது அடியில் சாத்தப்பனின் தலைப்பாகை ஆற்றோடு போயிற்று.

மருதி சிரித்து முடித்த பிறகு கேட்டாள்: "இதன் குட்டிகள் இங்கே இருக்கின்றனவா?"

"குட்டிகளை எதற்கு அம்மா பார்க்க வேண்டும்?"

"மாப்பிள்ளை பார்க்கப் போனால் மாப்பிள்ளையை மட்டுமா பார்க்கிறோம்? அந்த வீட்டில் யார் எப்படி என்று விசாரிக்கமாட்டோமா?"

சங்கழகனின் குட்டிகள் மூன்று இருந்தன. ஒன்றைக் கொண்டுவந்தார்கள், இறங்கியது. இரண்டாவதைக் கொண்டுவந்தார்கள், இறங்கியது. மூன்றாவது, யாரும் கொண்டுவருவதற்கு முன்பே கயிற்றை உருவிக்கொண்டு வந்து ஆற்றில் புரண்டது.

"சங்கழகன்தான் என் மாப்பிள்ளை" என்றாள் மருதி.

ஊர் அன்று முழுக்கப் பேசியது. "மருத்துவச்சி கெட்டிக்காரி என்று நினைத்தோம். கடைசியில் அவளும் வெள்ளைத் தோலுக்கு மயங்கிவிட்டாளே!" இந்தப் பேச்சை ஊரெல்லாம் கொண்டுபோனவர்களில் பவழச் செட்டியாரும் ஒருவர்.

பருவம் பார்த்து நாவலாளைச் சங்கழகனோடு சேர்த்தார்கள். பதினோரு மாதம் ஆயிற்று. குட்டி பிறந்தது. ஊரே பார்க்க வந்தது.

குட்டி வெள்ளை இல்லை. சேற்று நிறம். காதுகள் பெரியவை, முட்டிகள் புடைத்தவை. எழுந்து நின்றபோது நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின.

செட்டியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "வெள்ளைக்கு ஆசைப்பட்டாய், மருதி. அதுவும் கிடைக்கவில்லையே! என் செவ்வந்திக்குப் பிறந்ததை வந்து பார். சூறையனை அப்படியே உரித்து வைத்திருக்கிறது. இப்போதே ஆட்டுக்குட்டியை முந்துகிறது."

நிறத்தைப் பற்றி மருதிக்குக் கவலை இல்லை. அவளுடைய கவலை வேறு. குட்டிக்கு அப்பன் குணம் வரலாம், அம்மா குணமும் வரலாம். யாரால் உறுதி சொல்ல முடியும்?

குட்டிக்கு இரண்டு மாதமானதும் தாயோடு அதை ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நாவலாள் வழக்கம்போல் கரையில் ஊன்றி நின்றுவிட்டாள். குட்டி தாயைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. மறுபடி தாயைப் பார்த்தது.

குட்டி ஒரு காலை வைத்தது. இரண்டாவது காலை வைத்தது. பிறகு சளசளவென்று இறங்கி, முழங்கால் தண்ணீரில் வட்டமடித்து ஓடியது. நாவலாள் கரையில் நின்று பதறிக் கனைத்தாள். 'வா, வந்துவிடு' என்று கூப்பிடுவது போல இருந்தது. குட்டி வரவில்லை. நாவலாள் பிள்ளைக்காக ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். மருதி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போதும் தாயே, இனி நீ இறங்க வேண்டாம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து குட்டியைக் குட்டையில் பார்க்கலாம், வாய்க்காலில் பார்க்கலாம், மழை பெய்தால் தெருப் பள்ளத்தில் பார்க்கலாம். ஊர்ப் பிள்ளைகள் அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மருதியும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டாள். தினமும் கொஞ்சம் பழக்கினாள். முதலில் சேணம் பழக்கினாள். பிறகு பாரம் பழக்கினாள். பிறகு ஓடும் தண்ணீரில் நேராக நடக்கப் பழக்கினாள்.

ஐந்து ஆண்டுகள் போயின.

அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. செவ்வாறு செம்மண் கரைத்துக்கொண்டு இரு கரையும் தொட்டு ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் அக்கரையில் ஒரு ஆள் வெள்ளைத் துணியை ஆட்டி ஆட்டிக் கத்தினான். காற்றில் பாதிதான் கேட்டது.

"செட்டியார் மகள்... இடுப்பு வலி... நேற்றிலிருந்து..."

பவழச் செட்டியாரின் வீடு அக்கரையில் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்திருந்தாள்.

மருதி பரிசல்காரர்களிடம் ஓடினாள். அவர்கள் கைவிரித்தார்கள். "சுழல் அம்மா, பரிசல் நிற்காது."

அக்கரையில் செட்டியாரே தம் சிவப்புக் குதிரையை ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சூறையனுக்குப் பிறந்த அதே குதிரை. வெறும் தரையில் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. தண்ணீரைப் பார்த்ததும் அது பின்னங்காலில் எழுந்து நின்று, செட்டியாரைச் சேற்றில் தள்ளிவிட்டு, வந்த வழியே ஓடிவிட்டது.

மருதி மருந்துப் பையைத் தலையில் வைத்துக் கட்டினாள். தவளை மேல் ஏறினாள்.

"வேண்டாம் அம்மா!" என்று கரையில் இருந்தவர்கள் கூவினார்கள்.

தவளை அவசரப்படவில்லை. ஆற்றை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. இறங்கியது. தண்ணீர் முட்டிக்கு வந்தது. வயிற்றுக்கு வந்தது. நடு ஆற்றில் முதுகுக்கு வந்தது. அங்கே தரை கிடைக்கவில்லை. தவளை நீந்தத் தொடங்கியது. சுழல் அதை இழுத்தது. தவளை எதிர்த்து முட்டவில்லை. இழுத்த பக்கமே சற்றுப் போய், சுழல் தளர்ந்த இடத்தில் திரும்பி, பழகிய குட்டையில் நீந்துவது போலக் கரையை நோக்கி நீந்தியது. மருதி அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள். திறந்தபோது குதிரையின் கால்களுக்குக் கீழே மணல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் செட்டியார் வீட்டுக்குள்ளிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை. தாயும் நலம்.

சேறு காயாத வேட்டியோடு செட்டியார் வாசலுக்கு வந்தார். மருதியின் முன்னால் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தாயே, நான் வெற்றியைப் பார்த்தேன். ஊர் வெள்ளையைப் பார்த்தது. அந்தக் குதிரையிடம் நீ என்ன பார்த்தாய்?"

"நான் அந்தக் குதிரையை அப்புறம்தான் பார்த்தேன், செட்டியாரே. முதலில் என் குதிரையைப் பார்த்தேன். அவளிடம் என்ன இல்லை என்று தெரிந்ததும், எதைத் தேட வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது."

செட்டியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "செவ்வந்திக்கு இன்னும் ஒரு குட்டி போடும் வயது இருக்கிறது. அவளுக்கு ஒரு மாப்பிள்ளை சொல்வாயா?"

"சொல்கிறேன். அவளிடம் என்ன குறை?"

தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று செட்டியார் பார்த்தார். கடைசியில் சட்டென்று இடது கையின் துணியை விலக்கிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பல் தடங்கள்.

"கடிக்கும், தாயே. எட்டு வருஷமாகக் கடிக்கிறது. அதன் பிள்ளை அதைவிட இரண்டு மடங்கு கடிக்கிறது."

மருதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். செட்டியாரும் சிரித்தார். உள்ளே பிள்ளை பெற்றுப் படுத்திருந்த மகளும் சிரித்தாள்.

அடுத்த பருவத்தில் செட்டியார் செவ்வந்தியை ஓட்டிக்கொண்டு அரசரின் அனுமதியோடு லாயத்துக்குப் போனார். "ஐயா, என் குதிரை கடிக்கும். சாதுவான மலைக்கல்லைக் கொடுங்கள்" என்று எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார். சாத்தப்பன் ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டு, மலைக்கல்லின் கயிற்றை அவிழ்த்தார்.

ஆகவே, கேட்டவர்களே, தன்னிடம் உள்ள குறையை மறைக்காமல் அறிந்தவரே தனக்கு வேண்டிய துணையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பார்.