யார் மடியில் காது குத்தினார்கள்?

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

சீடரின் பெயர் சங்கரபாண்டியன். திருநெல்வேலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினால் போதும், எங்கே போகணும் என்று கேட்காமலே அவருடைய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார்கள். அவ்வளவு கைராசி. குரு ஜெபசீலி ஒரு காலத்தில் அவரிடம் தையல் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டவர். இப்போது, பரம்பரையாக வரும் குடல் புற்றுநோயைப் பற்றி டாக்டர்களுக்கே வகுப்பு எடுக்கிறார்.

டாக்டர்களானாலும் அவ்வப்போது பள்ளிக்கூடம் போய்த்தான் ஆக வேண்டும். சங்கரபாண்டியன் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது சான்றிதழுக்காகவும் மத்தியானப் பிரியாணிக்காகவும். ஆனால் ஜெபசீலி பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பேனாவைத் திறந்துவிட்டார். அடுத்த வாரம் முன் வரிசையில் இடம் பிடித்தார். அதோடு நிற்காமல் "டீச்சர்" என்று கூப்பிடவும் தொடங்கினார்.

"வேண்டாம் சார், கூச்சமா இருக்கு."

"முடிச்சுப் போடுற இடத்துல நான் வாத்தியார். இங்க நீங்கதான் டீச்சர்."

அந்த வாரம் ஒவ்வொருவரும் தங்கள் நோயாளி ஒருவரை, அவர் சம்மதத்தோடு அழைத்து வர வேண்டும் என்று ஏற்பாடு. சங்கரபாண்டியன் பேச்சியம்மாளை அழைத்து வந்திருந்தார். நாற்பத்தொரு வயது. பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அவர்தான் எடுத்திருந்தார். நன்றாகத் தேறி, வகுப்பில் கொடுத்த காபியில் சர்க்கரை பற்றவில்லை என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

கூடவே அவள் தங்கை வள்ளிமயிலும் வந்திருந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. லீவு போட்டு அக்காவைப் பார்த்துக்கொண்டவள், அன்று மத்தியானப் பஸ்ஸில் வேலைக்குத் திரும்புகிறாள். பையும் கையுமாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

முந்தின நாள்தான் அவள் சங்கரபாண்டியனைத் தனியாகப் பிடித்துக் கேட்டிருந்தாள். "எனக்கும் வருமா டாக்டர்?"

"உங்க வீட்டுல வேற யாருக்கும் இல்லையேம்மா. உனக்கு ஒண்ணும் வராது. ஜம்முனு கிளம்பிப் போ."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே மனதில் ஒரு முள். நாற்பத்தொரு வயது இந்த நோய்க்குச் சின்ன வயது. அதனால் வகுப்பில் தன் முறை வந்தபோது எழுந்து நின்றார்.

"குடும்பத்துல வேற யாருக்கும் கிடையாது, டீச்சர்."

"நல்லாக் கேட்டீங்களா சார்?"

"குடைஞ்சு கேட்டேன். நீயே சொல்லு பேச்சி."

பேச்சியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க குலசாமி சாஸ்தா கோயில் வகையறா எம்மாம் பெரிசு தெரியுமா? பங்குனி உத்திரத்துக்கு ஒரு லாரி பத்தாது. அதுல ஒருத்தருக்கும் இந்தச் சீக்கு கிடையாது."

"இல்லைன்னு அடிச்சுச் சொல்றவங்க கிட்ட அதுக்கு மேல என்னத்தக் கேக்கிறது, டீச்சர்?" என்றார் சங்கரபாண்டியன்.

ஜெபசீலி, காபியோடு வந்திருந்த பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தார். தட்டில் வட்ட பிஸ்கட்டும் இருந்தது, சதுர பிஸ்கட்டும் இருந்தது.

"வட்டம் பொம்பளை, சதுரம் ஆம்பளை. சரியா?" மேஜையில் இரண்டு வட்ட பிஸ்கட்டுகளை வைத்தார். "இது நீங்க. பக்கத்துல உங்க தங்கச்சி. நோய் வந்தவங்களைக் கவுத்து வச்சிரலாம்."

"அப்ப நான் குப்புறப் படுக்கணுமாக்கும்" என்று பேச்சியம்மாள் தன் பிஸ்கட்டைத் தானே கவிழ்த்தாள்.

"பேச்சியம்மா, உங்களுக்கு யார் மடியில வச்சுக் காது குத்தினாங்க?"

வகுப்பே சிரித்தது. பேச்சியம்மாளும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

"இதென்ன கேள்வி? பெரிய மாமா மடியிலதான். நான் பண்ணுன கூத்துல அவரு பட்டு வேட்டிய நனைச்சிட்டேனாம். சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாவ."

"எப்படிப் போனாங்க?"

"குடல் அடைச்சுப் போச்சு. இந்த என் வயசு இருக்கும். யாரோ செய்வினை வச்சுட்டான்னு பேசிக்கிட்டாவ."

ஜெபசீலி ஒரு சதுர பிஸ்கட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க பெரிய மனுஷியானப்ப சீர் கொண்டுவந்தது?"

"சின்ன மாமா. அவருக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காவ."

இன்னொரு சதுரம். அது நிமிர்ந்தே இருந்தது.

"அன்னைக்கு யார் தலைக்குத் தண்ணி ஊத்தினா?"

"தங்கம் சித்தி. அம்மாவோட தங்கச்சி. பாவம், கர்ப்பப்பையில கட்டின்னு எடுத்தாவ. எடுத்தும் நிக்கல, போயிட்டாவ."

சொல்லிக்கொண்டே போனவள் நின்றாள். ஒரு வட்ட பிஸ்கட்டை எடுத்து அவளே மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். இதே பரம்பரை நோய் பெண்களுக்குக் கர்ப்பப்பையிலும் வரும் என்று படித்திருந்த வகுப்பில் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அம்மா?"

"அம்மா சின்ன வயசுலயே பாம்பு கடிச்சுப் போயிட்டா. அவளுக்கு ஒரு சீக்கும் கிடையாது. அதுக்கெல்லாம் நேரம் எங்க இருந்துச்சு?"

சங்கரபாண்டியனுக்குப் பொறுக்கவில்லை. "பேச்சி! நான் அவ்வளவு கேட்டேனே, இதுல ஒண்ணாவது சொன்னியா?"

"நீங்க எங்க வீட்டைத்தான கேட்டீய? இவங்கல்லாம் அம்மா பொறந்த வீடு. அவங்க சாமி வேற, கோயில் வேற."

இது கூடத் தெரியாத மனுஷரா தனக்கு ஆபரேஷன் செய்தார் என்பதுபோல் பார்த்தாள். சங்கரபாண்டியனால் அவளைக் கோபிக்க முடியவில்லை. அவருக்கும் அப்பா வழியில் ஒரு சாஸ்தா உண்டு, அவரும் பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்தான். அவள் சாஸ்தா கோயிலில் நிறுத்தியபோது அவரும் அங்கேயே நின்றுவிட்டார். சீக்கு தலைகாட்டும் முன்னே போய்விட்ட அம்மா வழியாகவும் நோய் வரலாம், அதற்குக் கோயில் எது என்று தெரியாது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தென்காசி டாக்டர் ஒருவர் பசி தாங்காமல் மேஜைக்குக் கையை நீட்டினார்.

"ஐயையோ, அதை எடுக்காதீங்க!" சங்கரபாண்டியன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "அது வள்ளிமயில்!"

பேச்சியம்மாள்தான் முதலில் சிரித்தாள். தென்காசி டாக்டர் கையை இழுத்துக்கொண்டு, மரியாதையாகத் தட்டில் இருந்த வேறு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

சங்கரபாண்டியன் மட்டும் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து வராந்தாவை எட்டிப் பார்த்தார். வள்ளிமயில் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். வாட்ச்மேனிடம் பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சில் அப்படி ஒரு உற்சாகம். நேற்று அவர் சொன்ன வார்த்தை செய்த வேலை அது.

அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முதலில் அக்காவின் ரத்தத்தைச் சோதித்து, பரம்பரைதானா என்று பார்க்க வேண்டும். ஆமென்றால் தங்கைக்கும் சோதனை. அவளுக்கு அது இல்லாமலும் போகலாம். இருந்தாலும், குழாய் விட்டுக் குடலை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தால், கட்டி புற்றாகும் முன்னே கிள்ளி எடுத்துவிடலாம். எல்லாம் இந்த வகுப்பில் படித்ததுதான். ஆனால் கால் வாசலைத் தாண்டவில்லை. திரும்பி வந்தார்.

"டீச்சர், நீங்க போய்ச் சொல்லிடுங்களேன்."

"ஏன் சார்?"

"நேத்து இதே வாயாலதான் ஒண்ணும் வராதுன்னு சொன்னேன். பிள்ளை எவ்வளவு சந்தோஷமா நிக்கிது பாருங்க. இன்னைக்கு நான் போய் அவகிட்ட என்னன்னு சொல்ல?"

ஜெபசீலி நிமிர்ந்திருந்த அந்த வட்ட பிஸ்கட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"'நேத்து நான் பாதி வீட்டைத்தான் கேட்டிருந்தேன்மா'ன்னு சொல்லுங்க சார்."