பரணில் பூட்டிய பெயிண்ட்

கோமதிநாயகம் மடத்துக்குள் நுழையும்போதே, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். கூப்பிட்டாலும் அவர் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மடத்துக் குருவை ஊரில் சின்னச்சாமி என்பார்கள். கோமதிநாயகத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் இவர் அவருக்குப் பல வருஷச் சீடர். உபதேசம் கேட்டதைவிடப் புகார் சொன்னதுதான் அதிகம்.

“சாமி, தம்பியை மாடியைக் காலி பண்ணச் சொல்லப் போறேன். இன்னைக்கே சொல்லணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“ஆவுடையப்பனையா? என்ன செஞ்சான்?”

“பெயிண்டை மாத்திட்டான்.”

விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன் வீட்டுக் கூடத்துக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். சிவப்புத் தரைக்கும் தேக்குக் கதவுக்கும் ஒத்துப்போக வேண்டும், பார்த்தால் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் கலர் அட்டையை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். “இதாண்ணே, இப்பத்தான் அடுப்புல இருந்து அள்ளின சாம்பல் மாதிரி இருக்கு” என்று ஒன்றின்மேல் விரல் வைத்தவன் தம்பி. மீந்த பெயிண்டை டப்பாவோடு பரணில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவர் அண்ணன். அவர் காசிக்குப் போனபோது மட்டும் சாவி தம்பியிடம் இருந்தது. இப்போது சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது. பூசிவிட்டு அந்தப் பெயிண்டையே எடுத்து அடித்தால், நன்றாகக் காய்ந்த பிறகும் திட்டு தனியாகத் தெரிகிறது. வெளுத்துப்போய், சில்லென்று.

“நல்லதை ஊத்திக்கிட்டு மட்டமானதை நிரப்பி வச்சிருக்கான் சாமி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க?”

“அவன்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்டா உஷாராயிருவான்லா!”

சின்னச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

கூடத்தில் அந்தத் திட்டைப் பார்த்தார். பிறகு அதே சுவரை ஒட்டி நின்ற இரும்பு பீரோவைப் பார்த்தார்.

“இது எப்ப வச்சது?”

“பெயிண்ட் காஞ்ச மறுநாள். அதுக்குப் பிறகு அசைக்கவே இல்ல.”

“இப்ப அசைக்கணும்.”

ஒரு ஆளால் ஆகிற காரியமா அது? சாமியே மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ஆவுடையப்பன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்து, கேள்வி கேட்காமல் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். மறுபக்கம் அண்ணன்.

“எதுக்குண்ணே இதை நகட்டுதோம்?”

அண்ணன் கண்கொத்திப் பாம்பாகத் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வியர்வையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

பீரோ நகர்ந்தது. அதன் பின்னால், அதன் அளவுக்கே, சுவர் வெளுத்துச் சில்லென்று இருந்தது. புதிதாக அடித்த திட்டுக்கும் அதற்கும் இம்மிகூட வித்தியாசம் இல்லை.

“சாமிக்குக் காபி போடச் சொல்லுதேன்” என்று தம்பி மாடிக்குப் போனான்.

வேறு ஒருவராக இருந்தால் தம்பியைச் சந்தேகப்பட்டதற்கு அப்போதே அழுதிருப்பார். கோமதிநாயகம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“பீரோவுக்குப் பின்னாலயும் அடிச்சிருப்பானோ?”

“இதைத் தனியாத் தூக்கியா?”

பீரோவைத் தள்ளியதில் கோமதிநாயகத்துக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது.

“அப்ப மாறினது சுவரா?”

சாமி சுவரின் மற்ற பகுதியைக் காட்டினார். “இந்த வீட்டுல சாம்பிராணி யாரு போடுதா?”

“தம்பி பொஞ்சாதி. வெள்ளிக்கிழமை தவறாது.”

“இங்க, இடுப்பு உயரத்துல, இந்த மினுமினுப்பு?”

“அவன் பிள்ளைங்கதான். மாடிக்கு ஓடும்போதெல்லாம் சுவரைத் தடவிக்கிட்டேதான் ஓடும். எத்தனை தடவை சத்தம் போட்டிருப்பேன்!”

கோமதிநாயகம் சுவரோரம் இருந்த பெயிண்ட் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். நியாயம் கேட்பவர்போல நிமிர்ந்தார்.

“ரெண்டும் ஒரே பெயிண்டு சாமி. டப்பாவுல இருந்தது மட்டும் ஏன் சூடே ஏறாம அப்படியே இருக்கு?”

“டப்பாவுக்குள்ள யாரும் குடியிருக்கலையே, அண்ணாச்சி.”