சி பிளாக்கில் எரிந்த விளக்குகள்

திருச்சிக்கு வெளியே இருந்த ஒரு மேலாண்மைக் கல்லூரிக்குக் கலியமூர்த்தி இயக்குநர். நூற்றிருபது பேர் சேர வேண்டிய முதலாமாண்டில் அந்த வருஷம் முப்பத்தெட்டுப் பேர்தான் சேர்ந்திருந்தார்கள். ஆறு ஆசிரியர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்படியே போனால் வருகிற ஜூனில் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது.

இதை மாணவர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று கலியமூர்த்தி முடிவு செய்தார். தெரிந்தால் டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், ஜூன் வரைகூடத் தாங்காது என்று பயம். பயம் நியாயமானதுதான். அதற்கு அவர் செய்த காரியம்தான் வேடிக்கை. விடுதியில் சி பிளாக் முழுக்கக் காலி. ஆள் இருப்பதுபோலத் தெரியட்டும் என்று, தினமும் மாலை ஆறு மணிக்கு அத்தனை அறைகளிலும் விளக்குப் போடும்படி வாட்ச்மேனிடம் ரகசியமாகச் சொல்லிவைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள்கூட இவ்வளவு வெளிச்சத்தில் மறைக்க மாட்டார்கள்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. எதிரே மாணவர்கள் வந்தால் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாடு இறங்காது. கடைசியில் ஒருநாள் அமலோற்பவத்திடம் போனார்.

அமலோற்பவம் அங்கேயே பாடம் நடத்துபவர். கலியமூர்த்தியைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் கேஸ் நடத்தும் வித்தையைக் கலியமூர்த்தி அவரிடம்தான் கற்றுக்கொண்டார். இயக்குநரான பிறகும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். கேஸ் என்பது, ஏதோ ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலை நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று வகுப்பை வாதாட விடுவது. தாளில் இருப்பதை வைத்துத்தான் பேச வேண்டும், இல்லாததைச் சேர்க்கக் கூடாது. அமலோற்பவத்தின் வகுப்பில் அது ஒன்றுதான் சட்டம்.

கலியமூர்த்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கேட்டார்.

“பசங்களுக்குத் தெரியாம இந்த வருஷத்தை எப்படி ஓட்டறது டீச்சர்?”

அமலோற்பவம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு என் கிளாஸுக்கு வாங்க. கடைசி வரிசையில உக்காருங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“பேர் அட்டை எடுத்துக்கிட்டு வாங்க.”

அந்த வகுப்பில் உட்காருபவர் யாராக இருந்தாலும் தம் பெயர் எழுதிய அட்டையை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இயக்குநருக்கும் விலக்கு இல்லை. மறுநாள் கலியமூர்த்தி தம் பெயரைத் தாமே எழுதி மடித்து வைத்துக்கொண்டு, மாணவர்களோடு மாணவராக உட்கார்ந்தார்.

அன்றைய கேஸ் ஒரு மலை ஊர் ஓட்டலைப் பற்றியது. வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள், சமையல்காரர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள், முதலாளி மூடிவிடலாமா என்று யோசிக்கிறார். மேனேஜர் மட்டும் வேலையாட்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாம் சரியாக இருப்பதுபோல நடந்துகொள்கிறார். மேனேஜர் என்ன செய்ய வேண்டும்?

வகுப்பு சூடு பிடித்தது. கலியமூர்த்திக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்தவர் சிக்கலைப் பற்றி யோசித்து இரண்டு மாதமாகியிருந்தது. கையைத் தூக்கினார்.

“அந்த மேனேஜர் பண்றது தப்பு,” என்றார். “கூட இருக்கறவங்களை அவர் நம்பல. முதல் நாளே எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சு உள்ளதைச் சொல்லியிருக்கணும்.”

முன்வரிசையில் இருந்த பனிமலர் என்ற பெண் திரும்பினாள். அவள் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

“அவரை அப்படிச் சொல்லாதீங்க சார். அவர் பயத்துல பண்றாரு. பாவம், காலி ரூமுக்கெல்லாம் தினம் லைட்டு போட்டு வெக்கறாரு.”

இவ்வளவு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கலியமூர்த்தி அவளைத் திருத்தினார்.

“தாள்ல இல்லாததைச் சேர்க்கக் கூடாதும்மா. லைட்டு போட்டதா இதுல எங்க இருக்கு?”

பனிமலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கலியமூர்த்தி முதல் பக்கத்தைப் பார்த்தார். நாலு பக்கத்தையும் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். விளக்கு எங்குமே இல்லை. நிமிர்ந்தபோது முப்பத்தெட்டுப் பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவம் சுத்தமாக இருந்த கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கலியமூர்த்திக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. எழுந்தார். ஆனால் போகவில்லை.

“அந்த மேனேஜர் நான்தான்,” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். சேர்க்கை குறைந்தது, ஆறு பேர் போனது, நிர்வாகக் குழு சொன்னது. ஜூன் மாதத்தையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்து உட்கார்ந்து, இனி டி.சி. கேட்பார்கள் என்று காத்திருந்தார்.

பின்னாலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். பி பிளாக்கிலும் பாதி காலிதான், எல்லாரும் ஏ பிளாக்குக்கே வந்துவிடுகிறோம், செலவாவது குறையும் என்றான். இன்னொருத்தி, தான் படித்த பழைய கல்லூரிக்கு நேரில் போய் இங்கே சேரச் சொல்லிப் பேசுவதாகச் சொன்னாள். விளம்பரத்தை யார் நம்புகிறார்கள் என்றாள். போன ஆறு பேரின் பாடங்களை எடுக்கப் பழைய மாணவர்களைக் கேட்கலாம் என்றார்கள். ஜூனில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் கலியமூர்த்தி மெஸ்ஸில் இரண்டாவது தடவை சாம்பார் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாலை ஆறு மணிக்குச் சி பிளாக் இருட்டாக இருந்தது. கல்லூரிப் பேருந்துக்காக அமலோற்பவம் நின்றுகொண்டிருந்தார். கலியமூர்த்தி பக்கத்தில் போய் நின்றார். மனசு லேசாக இருந்தாலும் ஒரு குறை மிச்சமிருந்தது.

“அவங்களுக்குத் தெரியும்னு நேத்தே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்.”

“யாருக்கு?”

“பசங்களுக்கு. நீங்க லைட்டு போட்ட மறுநாளே வந்துட்டாங்க. ‘எங்களுக்குத் தெரியும்னு டைரக்டர் சாருக்குத் தெரியாம இந்த வருஷத்தை எப்படி ஓட்டறது மேடம்’னு கேட்டாங்க.”