கண்ணாடியில் நின்றவள்

"டீச்சர், நான் தினமும் காலையில சொல்லுதேன். கணக்குதான் கேக்க மாட்டேங்கு."

சகாயமேரி இப்படிச் சொன்னதும் பாயில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

புயல் வந்தால் ஊர் ஜனம் ஏறி உட்காரும் கட்டிடம் அது. புயல் இல்லாத நாளில் சாயங்காலம் அங்கே பத்தாவது பரீட்சைக்குப் பாடம் நடக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்கள் வருவார்கள். நஸீமா டீச்சர் சொல்லிக் கொடுப்பார். அங்கே இருந்தவர்களில் வயசில் சின்னவர் டீச்சர்தான். அதனால் எல்லாரையும் அக்கா என்பார்.

"என்ன சொல்லுதீங்க அக்கா?"

சகாயமேரி கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன்ல ஒருத்தர் சொன்னாரு டீச்சர். காலையில கண்ணாடி முன்னால நின்னு நம்மளப் பத்தி நல்லதா சொல்லணுமாம். நான் கெட்டிக்காரி. எனக்குக் கணக்கு வரும். இந்தத் தடவை நான் பாஸு. இப்படி."

"அப்படியே எனக்கும் ஒரு வரி சொல்லிரு மேரி. எனக்குக் கண்ணாடி முன்னால நிக்க நேரமில்ல" என்றாள் பக்கத்தில் இருந்த பிரமிளா.

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை.

"யாருகிட்ட சொல்லுதீங்க?"

"யாருகிட்டயா? எனக்கு நானேதான்."

"அவ என்ன சொன்னா?"

"எவ டீச்சர்?"

"நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டு நின்னாளே, அவ."

சகாயமேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஒண்ணும் சொல்லலியே. நான் சொல்லி முடிச்சதும் அடுப்படிக்குப் போயிருவேன்."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

*

சகாயமேரி வீட்டுக்கு வந்து யோசித்தாள். சத்தம் பத்தவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சத்தமாகச் சொன்னாள்.

"நான் கெட்டிக்காரி! எனக்குக் கணக்கு வரும்! இந்தத் தடவை நான் பாஸு!"

கடலுக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்த புருஷன் அருள்ராயன் போர்வையை விலக்கினான்.

"பாஸான பொம்பளைக்கு ஒரு டீ போடத் தெரியுமா?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதி, ரெண்டு தடவையும் கணக்கில் போய்விட்டது. பால்வாடியில் ஆயா வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். பத்தாவது பாஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன மாசம் ஒரு சண்டையில், மாமியார் முன்னால், அவளே வாயை விட்டுவிட்டாள்.

"இந்தத் தடவை பாஸாகலேன்னா புத்தகத்தைக் கையால தொட மாட்டேன். மாதா மேல சத்தியம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் மாதா மேல் சொன்னது.

*

அந்த வாரம் டீச்சர் ஒரு பரீட்சை வைத்தார்.

சகாயமேரி முதல் கணக்கைப் போட்டாள். ரெண்டாவதையும் போட்டாள். மூன்றாவதில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் வேகமாக அசைந்தது.

கண்ணைத் திறந்தபோது கோடு அங்கேயே இருந்தது.

தாளைப் பார்த்துவிட்டு டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஏன் டீச்சர் எனக்கு மட்டும் பலிக்க மாட்டேங்கு?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது பிள்ளை அழுதது.

சகாயமேரியின் கைக்குழந்தை. பாடம் நடக்கும்போது ஜன்னல் கம்பியில் சேலையால் தொட்டில் கட்டிப் போட்டிருப்பாள். ஓடிப் போய் ஆட்டினாள்.

"அழாத, அழாத. என் தங்கம்லா. என் சமத்துப் பிள்ளைலா."

பிள்ளை வீறிட்டது.

"தூக்கம் டீச்சர். இப்பத் தூங்கிருவா."

வேகமாக ஆட்டினாள். சத்தமாகப் பாடினாள்.

"அழவே அழாதாம் என் பிள்ளை. ஊருக்கே நல்ல பிள்ளையாம் என் பிள்ளை."

பாட்டு ஏற ஏற அழுகையும் ஏறியது. பிரமிளா காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏளா, ஒம் பாட்டுக்குத்தான் அது அழுவுது!"

டீச்சர் எழுந்து வந்தார். ஒரு கையால் தொட்டிலைப் பிடித்தார். தொட்டில் நின்றது.

சேலையை விலக்கிக் குனிந்து பார்த்தார். உள்ளே கையை விட்டு, பிள்ளையின் முழங்கால் மடிப்பில் எதையோ எடுத்தார். விரலை நீட்டிக் காட்டினார்.

கட்டெறும்பு.

அதை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டு, கடித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தார்.

"இப்ப ஆட்டுங்க அக்கா."

சகாயமேரி ஆட்டினாள். அதே பாட்டுதான்.

பிள்ளை தூங்கிவிட்டது.

டீச்சர் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னமோ கேட்டீங்களே?"

சகாயமேரி தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

*

மறுநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்தாள். அருள்ராயன் சவரம் செய்யும் கண்ணாடி. ஓரமெல்லாம் சோப்புப் புள்ளி.

"நான் கெட்டிக்காரி."

அதோடு நின்றுவிட்டாள்.

எதிரே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாளும் முடியை ஒதுக்கிக்கொண்டேதான் அவளிடம் சொல்லியிருக்கிறாள். முகத்தை நின்று பார்த்ததில்லை. பார்த்தால் தெரிந்தது. அந்த முகம் நம்பவில்லை. பயந்துபோய் இருந்தது.

சோப்புப் புள்ளியை முந்தானையால் துடைத்தாள். கிட்டத்தில் போனாள்.

"எங்கட்டி கடிக்குது?" என்று கேட்டாள். பிள்ளையிடம் கேட்கிற மாதிரி.

"மேரி! பால் பொங்குது!" உள்ளேயிருந்து அருள்ராயன் கத்தினான்.

"பொங்கட்டும்."

அவள் நகரவில்லை.

*

அன்று சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடியே வந்துவிட்டாள். டீச்சர் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர். அவ சொல்லிட்டா."

டீச்சர் நிமிர்ந்தார்.

"என்ன சொன்னா?"

"பின்னம் தெரியாதாம்."

சகாயமேரி பாயின் மறுமுனையைப் பிடித்து விரித்தாள்.

"அஞ்சாவது படிக்கும்போது தம்பி பிறந்தான் டீச்சர். அம்மை நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டா. நாந்தான் வீட்டுல இருந்து தொட்டில் ஆட்டுனேன். திரும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போனப்போ அந்தப் பாடத்தை நடத்தி முடிச்சிருந்தாக. கேட்டா சிரிப்பாகன்னு கேக்கல. எல்லாம் தெரிஞ்ச மாதிரியே தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் எட்டாவதோட நின்னுட்டேன்."

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. சத்தியம் வேற பண்ணித் தொலைச்சிட்டேன். பத்தாவது எழுதப் போறவ அஞ்சாவது பாடத்தைப் போய் எப்படி டீச்சர் கேக்கிறது?"

"நீங்க கேக்க வேண்டாம்" என்றார் டீச்சர். "பின்னம் தெரியாதுன்னு சொன்னாளே, அவளுக்கு என்ன வயசு?"

சகாயமேரி விரலில் எண்ணினாள்.

"பத்து."

டீச்சர் பாயில் உட்கார்ந்தார். தன் பக்கத்தில் சின்னதாக ஓர் இடம் விட்டார். அங்கே ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டார்.

"வரச் சொல்லுங்க."