நசுங்கிய சாட்சி

இத்தாலியில் சுங்கச்சாலை ஏறும் வாசலிலேயே சமையல்காரர் தவசி, பயம் தீர நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"மானத்தை வாங்காதய்யா," என்று சொல்லிக்கொண்டே முதலாளி சிதம்பரநாதன் பழங்கள்மேல் காரை ஏற்றினார். ஊரில் டோல் ரசீதைக் கசக்கி எறியும் பழக்கத்தில், நுழைவுச்சீட்டையும் எறிந்துவிட்டார்.

பிறகு ஒரே மூடுபனி. சாலை மேகத்தில் மிதந்தது. மரங்கள் கனவில்போல வந்து கரைந்தன.

இறங்கும் வாசலில் அதிகாரி, சீட்டு இல்லையென்றால் சாலையின் கடைக்கோடியிலிருந்து வந்ததாகக் கணக்கிட்டு முழுக் கட்டணம் என்றார். பக்கத்து வாசலில்தான் ஏறினோம் என்றார் முதலாளி. அதற்குச் சாட்சி உண்டா என்றார் அதிகாரி.

முதலாளி பர்ஸைத் திறந்தார். தவசி மெதுவாகச் சொன்னார்: "அந்த வாசலுக்குப் போன் பண்ணி, காலையில யாராவது எலுமிச்சம்பழம் நசுக்கினாங்களான்னு கேக்கச் சொல்லுங்க."

அதிகாரி கேட்டார். போனில் ஒருவர் கத்தியது கார்வரை கேட்டது. வாசலை இன்னும் கழுவிக்கொண்டிருந்தாராம். பக்கத்து வாசலுக்கான கட்டணத்தோடு அதிகாரி விட்டுவிட்டார்.

அடுத்த சுங்க வாசல் பனியில் தெரிந்ததும் முதலாளியே வண்டியை நிறுத்தினார்.

"தவசி, பழம் மிச்சம் இருக்கா?"