உப்புப் போட்ட காபி

"எல்லாக் காலமும் வாயில் ஒன்றாக வந்து விழுகிறது, டீச்சரம்மா" என்று நொந்துகொண்டார் ஆவுடையப்பன்.

சங்கரன்கோவில்காரர். அங்காராவில் வேலை பார்க்கும் மகன் முத்துராஜ், எலிஃப் என்ற பெண்ணை விரும்பினான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெண் வீட்டுக்குப் போய் வாய்திறந்து கேட்க வேண்டும். அது அந்த ஊர் முறை. துருக்கி மொழியில்தான் கேட்பேன் என்று நின்றார் மனிதர். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். சம்பந்தி ஆசையும் அப்படித்தான்.

பெண்ணின் அப்பா ரிஃபத்துக்கோ, மகளைக் கடல் தாண்டிய குடும்பத்தில் கொடுக்க அரை மனசு.

அங்காராவுக்கு வந்த அவருக்குத் துருக்கிப் பாடம் சொன்ன நெர்மின், அவர் மகன் வயதுக்காரி.

"நேற்று வருவேன் என்கிறேன். நாளை வந்தேன் என்கிறேன். பன்மை அதைவிட மோசம்" என்றார் ஆவுடையப்பன்.

மரியாதை கொடுக்கப் போய், ஒரே சம்பந்தியைப் பல பேராக்கியிருந்தார்.

"தப்பில்லாமல் எப்போது பேசுவேன்?"

நெர்மின் புத்தகத்தை மூடினாள். "நாளைக்கே பெண் கேட்கப் போவோம்."

"தப்பு வந்தால்?"

"வரும்" என்றாள்.

மறுநாள் அவளும் கூடப் போனாள்.

எலிஃப் கொண்டுவந்த காபியில் ஒரு வாய் குடித்ததும் முத்துராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னலே?" என்றார் அப்பா, தமிழில்.

"உப்புப்பா. அது வந்து..."

மீதியை அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் குடிக்கிறானா என்று பார்க்கப் பெண் உப்புப் போடுவது அங்கே வழக்கம். அது ஆவுடையப்பனுக்குத் தெரியாது. பதற்றத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள், சபையில் பிள்ளை தலைகுனியப் போகிறாள் என்றுதான் நினைத்தார். நினைத்ததும் மனசு பதறிவிட்டது. மகனின் கோப்பையை வாங்கி, அடி மண்டியோடு குடித்தார்.

"நன்றாக இருந்தது" என்றார் துருக்கியில். "இருக்கிறது. இருக்கும்."



"அதில் உப்பு இருந்ததே?" என்றார் ரிஃபத்.

ஆவுடையப்பன் நெர்மினைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைகள் தவறினார்கள்" என்று எலிஃப் ஒருத்தியைப் பலராக்கினார். "திட்டாதீர்கள். எங்கள் வீட்டில் திட்டவில்லை... திட்டமாட்டோம்."

ரிஃபத் மகளைப் பார்த்தார். பிறகு அந்தக் காலிக் கோப்பையை.

ஆவுடையப்பனுக்கு வந்த காரியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று, பெண் கேட்கும் வாக்கியத்தைத் தேடினார். முதல் சொல்லே வரவில்லை.

"கேட்டாகிவிட்டது" என்றார் ரிஃபத். "தந்தோம்."